பழைய காரின் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறதா? முதன்முறை கை வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. காருக்கடியில் குனிந்து பார்த்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். எங்கள் வீட்டில் இருப்பது 1984ஆம் வருடத்து அம்பாசிடர் மார்க் 4. அதன் டேங்கை இதுவரை இரண்டு முறை இறக்கி ஏற்றியிருக்கிறேன். முதல் முறை அவசரப்பட்டதால் இரண்டாம் முறை இறக்க வேண்டி வந்தது. அந்த இரண்டு முறையும் கற்றதை, இதற்கு முன் டேங்கைத் தொட்டே பார்க்காத ஒருவருக்குச் சொல்வதுபோல இங்கே எழுதுகிறேன். பத்மினி, பழைய ஜீப், கார்புரேட்டர் வைத்த மாருதி 800 என்று தகர டேங்க் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். இன்ஜெக்ஷன் வண்டிகளில் டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கும், குழாயில் அழுத்தம் நிற்கும். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

காலி டேங்க்தான் ஆபத்து

ஸ்பானரை எடுப்பதற்கு முன் இந்த ஒன்றை மனத்தில் பதிய வையுங்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட, பெட்ரோல் எடுத்துவிட்ட டேங்க்தான் வெடிக்கும். பலர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டு, "காலி பண்ணியாச்சு, இனி பயமில்லை" என்று பற்றவைப்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

காரணம் எளிது. எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்கில் ஆவி இதைவிட மிக அதிகம், காற்று போதாது. காலி செய்து மூடியைத் திறந்து வைத்ததும் காற்று உள்ளே போகிறது, கலவை சரியாக அந்த அளவுக்கு வந்து நிற்கிறது. அம்பாசிடர் டேங்க் சுமார் 54 லிட்டர் கொள்ளும். அவ்வளவு பெரிய டேங்கை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு தேக்கரண்டி பெட்ரோல் ஆவியானாலே போதும். மடிப்பிலும் துருவிலும் ஒரு தேக்கரண்டி ஒளிந்திருக்காத பழைய டேங்க் கிடையாது.

பெட்ரோல் உறைபனிக் குளிரில்கூட ஆவியாகும் பொருள். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். ஆகவே மெக்கானிக் ஷெட்டுகளில் இருக்கும் பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி டேங்க் வேலை பார்க்கவே கூடாது. பள்ளத்துக்குள் நிற்கும் ஆள் ஆவிக் குளத்துக்குள் நிற்கிறார்.

ஒழுகுவது டேங்க்தானா?

டேங்க் என்று நினைத்து இறக்கிய பிறகு, குற்றவாளி ஐம்பது ரூபாய் ரப்பர் ஹோஸ் என்று தெரிந்தால் வீணான உழைப்பு. முதலில் எப்போது ஒழுகுகிறது என்று கவனியுங்கள். டேங்கை நிரப்பிய அன்று மட்டும் ஒழுகி, கால்வாசி குறைந்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் மேல்பக்கம்தான். பெட்ரோல் ஊற்றும் கழுத்தையும் டேங்கையும் இணைக்கும் தடித்த ரப்பர் வெடித்திருக்கலாம், அல்லது பெட்ரோல் அளவு காட்டும் மீட்டர் முள்ளுக்கான ஃப்ளோட் (மிதவை) உட்காரும் இடத்தின் கேஸ்கெட் காய்ந்து போயிருக்கலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் வாடை வந்தாலும் இவை இரண்டையும்தான் சந்தேகப்பட வேண்டும். எவ்வளவு குறைவாக இருந்தாலும் சொட்டுகிறது என்றால் அடிப்பக்கம்: வடிகால் போல்ட், வெளியேறும் குழாயின் இணைப்பு, கீழ்த்தகட்டில் ஊசித்துளை.

துளியைப் பின்தொடர ஒரு சுலபமான வழி உண்டு. டேங்கின் அடிப்பக்கத்தைப் பழைய துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, குழந்தைகளுக்குப் போடும் முகப்பவுடரைத் தூவி விடுங்கள். அரை மணி நேரத்தில் கசியும் இடம் கறுத்து ஈரமாகத் தெரியும். துளி விழும் இடத்தை நம்பாதீர்கள். மேலே கசிந்த பெட்ரோல் மடிப்பு வழியே ஓடி வந்து, ஒரு அடி தள்ளித்தான் சொட்டும்.

கீழ்த்தகடு ஏன் முதலில் ஓட்டையாகிறது? பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். எங்கிருந்தோ வந்து சேரும் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் அரிக்கிறது. வெளியே, டேங்கைத் தாங்கும் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் சேறு நின்று ஈரம் காக்கிறது. இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது அதுதான். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் ஒரு அடுக்காக நிற்கும். பல வருடமாக உள்சுவரில் படிந்திருக்கும் பிசினையும் அது கரைத்துவிடும். அந்தப் பிசின்தான் சில ஊசித்துளைகளை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது. போன மாதம் வரை நன்றாக இருந்த டேங்க் திடீரென்று நான்கு இடத்தில் வேர்க்கிறது என்றால் இதுதான் நடந்திருக்கும்.

வழியில் மாட்டிக்கொண்டால்

ஊசித்துளைக் கசிவுக்கு நம் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம் துணி துவைக்கும் 501 பார் சோப்பு. துளை இருக்கும் இடத்தைத் துடைத்து, காய்ந்த சோப்பை அழுத்தித் தேய்த்து, கட்டை விரலால் திணித்து விட்டால் சொட்டு நிற்கும். சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால்தான் நிற்கிறது. ஆனால் எத்தனாலில் ஓரளவு கரையும், தண்ணீரில் நன்றாகவே கரையும். எனவே முன்பு ஒரு மாதம் தாங்கிய சோப்பு இப்போது தாங்கும் என்று நம்ப வேண்டாம். வீடு வந்து சேர மட்டும் அது. எம்-சீல் உருட்டி ஒட்டுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஈரத் தகட்டில் அது பிடிக்கவே பிடிக்காது.

சொட்டு வேகமாக விழுகிறது, அல்லது சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் விழுகிறது என்றால் வண்டியை ஓட்டவே வேண்டாம். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

இடமும் ஏற்பாடும்

நிழலான, காற்றோட்டமுள்ள வெளியிடம் வேண்டும். மூடிய ஷெட், கார் நிறுத்தும் தரைத்தளம் ஆகாது. சமையலறை ஜன்னல், பூஜை விளக்கு, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், யாரும் பீடி சிகரெட்டோடு எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு டிரை பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கூடவே இரண்டு வாளி காய்ந்த மணல். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். வெளிச்சத்துக்கு பேட்டரி டார்ச். ஒயரில் தொங்கும் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அது கீழே விழுந்து உடைந்தால் அந்தப் பொறி போதும். டார்ச்சைத் தள்ளி நின்று போட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்தி உடுத்துங்கள், நிலைமின் பொறிக்காக.

அப்புறம், தனியாகச் செய்யாதீர்கள். இரண்டாவது ஆள் ஒன்றும் செய்யாமல் நின்றாலும் பரவாயில்லை.

வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஹாலோ பிளாக் கல் நொறுங்கும், செங்கல் பிளக்கும். அடியில் படுத்து ஓங்கி போல்ட் திருகும்போது வண்டி ஆடும், அதைத் தாங்குவது ஸ்டாண்ட் மட்டும்தான். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை இப்போதே கழற்றிவிடுங்கள், பெட்ரோல் வாடை பரவிய பிறகு அல்ல.

பெட்ரோலை இறக்குவது

வேலை செய்யும் நாளுக்கு முன்பே ஓட்டிக் குறைத்து 5 லிட்டருக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பாதித் தலைவலி தீரும். ஒழுகும் வண்டியை ஓட்ட முடியாது என்றால், நிரம்பிய நிலையில் அம்பாசிடர் டேங்கில் 40 கிலோ எடைக்குப் பெட்ரோல் இருக்கும் என்று கணக்கில் வையுங்கள். தனியார் வீட்டில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பது 30 லிட்டர் வரைதான்.

ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சி இழுக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி நுரையீரல் வெந்துபோகும். தவறி விழுங்கியவருக்கு வாந்தி வரவழைக்கக் கூடாது, வாந்தியோடு பெட்ரோல் மூச்சுக்குழாயில் ஏறிவிடும். நேராக மருத்துவமனைதான். கையால் அமுக்கி இழுக்கும் ரப்பர் பல்ப் பம்ப் மலிவு, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரும்பு கேனில் பிடியுங்கள். பிளாஸ்டிக் வாளியும் குடமும் நிலைமின்சாரத்தைத் தேக்கி வைக்கும். கேனைத் தரையில் வைத்து, அதையும் வண்டியின் இரும்பையும் ஒரு ஒயரால் இணைத்துவிடுங்கள். குழாயின் நுனி கேனின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், மேலேயிருந்து தெறித்து விழ வேண்டாம். பம்ப் எடுத்த பிறகும் அடியில் ஒரு லிட்டர் கிடக்கும். வடிகால் போல்ட் உள்ள டேங்க் என்றால் அதைத் திறந்து மிச்சத்தை எடுங்கள்.

டேங்கைக் கழற்றுவது

வண்டிக்கு வண்டி இது மாறும். பெரும்பாலான பழைய கார்களில் டிக்கித் தரைக்கடியில் போல்ட்டிலோ பட்டையிலோ டேங்க் தொங்கும். முந்தின நாள் மாலையே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் ஆயில் விட்டு ஊற வையுங்கள். மறுநாளும் இளகாத போல்ட்டை கிரைண்டரால் அறுக்கக் கூடாது. இந்த வேலையில் ஆள் செத்துப்போகிற இடங்களில் அதுவும் ஒன்று. கையால் பிடிக்கும் ஹாக்சா பிளேடு, கொஞ்சம் ஆயில், பொறுமை. அவ்வளவுதான்.

மீட்டர் ஒயர், எர்த் ஒயர் இரண்டிலும் அடையாளத் துணி கட்டிக் கழற்றுங்கள். கழுத்து ரப்பரின் கிளிப்பைத் தளர்த்துங்கள். வெளியேறும் குழாயைக் கழற்றியதும் வண்டிப்பக்கக் குழாயின் வாயில் ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்துவிடுங்கள். டேங்குக்கடியில் ஜாக்கின் மேல் ஒரு பலகை வைத்துத் தாங்கிக்கொண்டு, கடைசி இரண்டு போல்ட்டையும் மாறி மாறித் தளர்த்தினால் மெதுவாக இறங்கும். ஃப்ளோட்டைக் கழற்றி எடுத்த பிறகு எல்லா வாயையும் திறந்து வைத்து, நிழலில், காற்றுக்கு எதிரே வையுங்கள்.

கழுவுதல்

முதல் முறை நான் அவசரப்பட்டது இங்கேதான். இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டு, வாடை குறைந்துவிட்டது, போதும் என்று எங்கள் பகுதி ரேடியேட்டர் கடை பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் டேங்கைத் தூக்கி ஒரு காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்தார். உள்ளே, பெட்ரோல் அலையடிக்காமலிருக்க வைத்திருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் ஏதோ மணல் சரிவதுபோல ஒரு சத்தம். கழுத்துக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்தார். நுனியில் காப்பித்தூள் நிறத்தில் களி. அதை விரலில் தேய்த்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். பச்சைப் பெட்ரோல் வாடை.

"தம்பி, இன்னைக்குப் பத்த வைக்க மாட்டேன். காஸ்டிக் தண்ணியில ரெண்டு நாள் ஊறட்டும். இன்னைக்கே வேணும்னா வேற கடை பார்த்துக்குங்க" என்றார். நான் வேறு கடையைப் பார்த்தேன். அந்தக் கடையில் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊற வைக்காமலேயே, ஓட்டையில் ஈயத்தை உருக்கி வைத்துக் கொடுத்தார்கள். நல்லவேளை, விபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அழுக்கின் மேல் உட்கார்ந்த ஈயம் எட்டு மாதத்தில் உரிந்துவிட்டது. இரண்டாம் முறை பாயிடமே போனேன். அவர் வைத்த ஈயம் இன்றும் நிற்கிறது.

வீட்டில் செய்யும் முறை இது. வெளியே தனி அடுப்பில் காய்ச்சிய வெந்நீரைத் தூக்கி வந்து, சலவைத்தூள் தாராளமாகக் கலந்து, டேங்கில் முக்கால் அளவு ஊற்றுங்கள். அடுப்பு டேங்கிலிருந்து வெகுதூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு பேராகப் பிடித்து எல்லாப் பக்கமும் சாய்த்துக் குலுக்குங்கள். பிறகு விளிம்பு வரை நிரப்பி, மேலே மிதந்து வரும் பெட்ரோல் வழிந்து போகும்படி விடுங்கள். ஒரு நாள் ஊறட்டும். கொட்டிவிட்டு மறுபடியும் செய்யுங்கள். மூன்று நாளில் ஐந்தாறு தடவை என்பது என் கணக்கு. தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் களி முதல் இரண்டு தடவையில் அசையவே அசையாது. உங்கள் மூக்கையும் நம்ப வேண்டாம், பத்து நிமிடத்தில் அது வாடைக்குப் பழகிவிடும். வீட்டுக்குள்ளிருந்து புதிதாக ஒருவரைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடையே இல்லை என்று அவர் சொன்னாலும், பொறியோ தீயோ படும் வேலைக்கு டேங்க் தயார் என்று அர்த்தமில்லை. வீட்டில் கையால் செய்யும் வேலைக்குத் தயார், அவ்வளவுதான்.

கையுறை போடுங்கள். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதுமாக நின்றது 2000 பிப்ரவரி 1இல்தான். அதற்கு முந்தைய வண்டியின் களியில் அந்த ஈயம் கலந்திருக்கும். பல பழைய டேங்குகளின் தகடே ஈயமும் வெள்ளீயமும் பூசியது. கழுவின தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ தோட்டத்திலோ ஊற்றாதீர்கள். முதல் கழுவலின் களியைப் பழைய கேனில் பிடித்து வைத்து, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுவது நல்லது.

துருவுக்கு எலுமிச்சை உப்பு. கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் கிடைக்கும். பெட்ரோல் முழுவதும் போன பிறகு, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை வெந்நீரில் கரைத்து நிரப்பி 12 மணி நேரம் விட்டுப் பாருங்கள். முரட்டுத் துரு என்றால் ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். எத்தனை போட்டீர்கள் என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு போடுங்கள், அத்தனையும் வெளியே வர வேண்டும். பிறகு தண்ணீர், அப்புறம் ஆப்பசோடா கரைத்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். முடிந்தவுடன் மொட்டை மாடி வெயிலில் வாய் திறந்து கவிழ்த்துச் சாய்த்து வையுங்கள். சுத்தமான இரும்பு ஈரத்தில் நின்றால் சில நிமிடங்களில் மறுபடி செம்பழுப்பாகிவிடும், எனவே கழுவுவதை வெயில் ஏறும் நேரத்தில் முடியுங்கள்.

ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது

கண்ணுக்குத் தெரியும் ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் தெரியாதவை மூன்று இருக்கும். வெளிப்பெயின்டைக் கம்பி பிரஷ்ஷால் கையால் தேய்த்து எடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தகடு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீர் என்று சொல்லும், மெலிந்த இடம் மொத்தென்று கேட்கும்.

அடுத்து எல்லா வாயையும் ரப்பர் அடைத்து, ஒரு குழாயில் மட்டும் சைக்கிள் பம்பைச் செருகி நான்கைந்து முறை மெதுவாக அடியுங்கள். சோப்பு நுரையை பிரஷ்ஷால் தடவினால் துளைகள் குமிழி விடும். பஞ்சர் கடை கம்ப்ரஸரைக் கொண்டு அடிக்காதீர்கள். டேங்க் தகடு அழுத்தம் தாங்கச் செய்ததல்ல, 3 பி.எஸ்.ஐக்கு மேல் போனாலே வயிறு ஊதி மடிப்பு விட்டுப்போகும். குமிழி வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முடிவெடுக்க வேண்டிய இடம். கட்டை விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது, அல்லது கீழ்த்தகட்டில் வட்டங்கள் பத்துக்கு மேல் என்றால், ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு வேறு டேங்க் தேடுங்கள். அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியானதால் அதன் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை இரண்டிலும் ஒரு நாள் நடந்தால் பெரும்பாலும் மாட்டும். பழைய டேங்கை வாங்கும்போது கழுத்துக்குள் டார்ச் அடித்து அடித்தகட்டைப் பாருங்கள், வெளிப்பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். புதிதாகச் செய்து தரும் டிங்கர் கடைகளும் உண்டு. உள்ளே தடுப்புத் தகடு வைப்பார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்ரோல் அலையடிக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அந்தப் பூச்சை வெள்ளைப் பொடியாக்கி கார்புரேட்டருக்கு அனுப்பும்.

அடைப்பது

புதியவர் வீட்டில் செய்யக் கூடியது தீயில்லாத ஒட்டு ஒன்றுதான். தட்டையான பரப்பில், பட்டாணி அளவுக்கு மிகாத துளைகளுக்கு அது நன்றாகவே நிற்கும். துளையைச் சுற்றி இரண்டு அங்குலம் வரை 80ஆம் நம்பர் உப்புத்தாளால், தண்ணீர் தொட்டுக்கொண்டு, வெள்ளி மாதிரி மின்னும்வரை தேயுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் ஈயத்தூசி பறக்காது. பாதி ஒட்டுகள் உரிவதற்குக் காரணம் இந்தத் தேய்ப்பில் காட்டும் சோம்பல். நன்றாகக் காய்ந்ததும் விரல் படாமல் துடைத்து, பெட்ரோல் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும் இருபகுதி எப்பாக்ஸியைக் கலந்து பூசி, மூலைகளை வட்டமாக வெட்டிய ஃபைபர் துணியை அதன்மேல் பதியுங்கள். காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி, மேலே இன்னொரு பூச்சு, சற்றே பெரிய இன்னொரு துணி. படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் விற்கும் பாலியஸ்டர் ரெசினை இதற்கு வாங்காதீர்கள், எத்தனால் அதை இளக்கிவிடும். மூன்று நாள் தொடாமல் காயவிடுங்கள்.

மடிப்பில் விரிசல், குழாய் சேருமிடத்தில் கசிவு, பட்டை அழுத்தும் இடத்தில் ஓட்டை, இவற்றுக்கு எப்பாக்ஸி தாங்காது. அங்கே தகடு அசையும். அதற்கு ஈயம்தான், அதைக் கடையில்தான் செய்ய வேண்டும். ரேடியேட்டர் பழுது பார்க்கும் கடைகளே இதற்குச் சரியான இடம். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "பற்ற வைப்பதற்கு முன் என்ன செய்வீர்கள்?" காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து, கழுவி, பற்ற வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி உள்ளே காலியிடத்தைக் குறைத்துக்கொள்வோம் என்று சொல்பவரிடம் கொடுங்கள். நாங்கள் எவ்வளவோ பார்த்தாச்சு, ஒன்றும் ஆகாது என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். ஈயம் 200 டிகிரியை ஒட்டி உருகிவிடும், தகடு சுருங்காது. கேஸ் வெல்டிங்கின் சூடு அதைப் போலப் பல மடங்கு. மெலிந்த பழைய தகட்டில் ஒரு ஓட்டையை அடைக்கப்போய்ப் பக்கத்தில் இரண்டைத் திறந்துவிடும்.

உள்பூச்சைப் பற்றியும் கேட்பார்கள். டேங்குக்குள் ஊற்றிச் சுழற்றிப் பூசும் எப்பாக்ஸி சீலர்கள் கிடைக்கின்றன. சுத்தமாகத் துரு எடுத்து ஈரமே இல்லாமல் காய்ந்த டேங்கில் அவை பல வருடம் நிற்கும். அரைகுறையாகக் கழுவிய டேங்கில் பூசினால் ஏடு ஏடாக உரிந்து வந்து கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளையை) அடைக்கும், அதைப் பிறகு சுரண்டி எடுக்க வழியே இல்லை. கழுவியதில் முழு நம்பிக்கை இல்லை என்றால் உள்பூச்சை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. பூசுவதானால், வெளியேறும் குழாய்க்குள் ஒரு நைலான் கயிறைக் கோத்து வைத்து, பூச்சு இறுகும் முன் முன்னும் பின்னும் இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குழாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

திரும்ப மாட்டுவது

வெளிப்பக்கம் துரு தடுக்கும் பிரைமர், மேலே கறுப்பு பெயின்ட். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே பழைய காலத்து ஃபெல்ட்டுக்குப் பதில் ரப்பர் பட்டை வையுங்கள், ஃபெல்ட் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஃப்ளோட்டுக்குப் புது கேஸ்கெட், வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர், எல்லா ரப்பர் ஹோஸும் புதிது. எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், பழைய ரகம் ஒரு வருடத்தில் ஊறி வெடிக்கும். பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, கையில் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் தூசி முதல் ஒரு வாரத்தில் வந்து சேரும்.

ஒயர்களில், எர்த்தை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மீட்டர் முள் அசையாது, ஃப்ளோட்தான் போச்சு என்று நினைத்து மறுபடி டேங்கை இறக்குவீர்கள்.

பேட்டரியை இணைக்கும் முன் 2 லிட்டர் மட்டும் ஊற்றி, அடியில் சுத்தமான அட்டையை விரித்து ஒரு மணி நேரம் பாருங்கள். பிறகு 10 லிட்டர் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் பேட்டரியை மாட்டி பங்குக்குப் போய் நிரப்பி, உடனே மடிப்பு, கழுத்து, ஃப்ளோட் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை.

கடைசியாக மூடி. டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு துளை இருக்கும். அது தூசியில் அடைபட்டால் பம்ப் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடமாகி, தகடு உள்வாங்கி, நீங்கள் இத்தனை பாடுபட்டு அடைத்த மடிப்பு மறுபடி விரியும். ஓட்டிவந்து மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்றை இழுக்கும் சத்தம் கேட்டால் துளை அடைத்திருக்கிறது. மூடியைக் கழற்றி எடுத்து, ஒரு குண்டூசியால் குத்தித் திறந்துவிட்டு மாட்டுங்கள்.